நேவா நதிக்கரையில் கற்ற பாடம்



சென்ற வாரம் வீட்டு நூலடுக்கைத் துப்புரவு செய்தபோது பழைய பயணக் குறிப்பேடு ஒன்று கைக்கு அகப்பட்டது. 2019ஆம் ஆண்டு ஜூன் மாதப் பள்ளி விடுமுறையில் ரஷ்ய நாட்டின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகருக்குச் சென்றிருந்தபோது எழுதி வைத்தது. அரண்மனைகளின் பெயர்கள், பாலங்களின் எண்ணிக்கை, கட்டி முடித்த ஆண்டுகள் என ஆசிரியர்களுக்கே உரிய பழக்கத்தோடு பக்கம் பக்கமாகக் குறித்திருக்கிறேன். ஐந்தாம் நாளுக்குரிய பக்கத்தில் மட்டும் வேறெதுவும் இல்லை. 'இரந்தாங்க' என்ற ஒரே ஒரு சொல்தான் இருந்தது. அச்சொல்லில் எழுத்துப்பிழை உள்ளதை நான் அறிவேன். அறிந்தேதான் அப்படி எழுதினேன். அதற்கான காரணத்தை இத்தனை ஆண்டுகளாக எழுதத் துணியவில்லை. இன்று எழுதுகிறேன்.

அந்நகரை நான் முதன்முதலில் அறிந்தது ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற காலத்தில்தான். தமிழ் விரிவுரையாளர் ஒருவர், சோவியத்து காலத்தில் மாஸ்கோவிலேயே அச்சிடப்பட்ட தமிழ் நூல் ஒன்றை எனக்கு இரவல் தந்தார். தஸ்தயேவ்ஸ்கி 1848ஆம் ஆண்டில் எழுதிய கதையை ரா. கிருஷ்ணையா 'வெண்ணிற இரவுகள்' எனத் தமிழாக்கம் செய்திருந்தார். கால்வாய்க் கரையோரம் தனித்து நடக்கும் ஓர் இளைஞன், அங்கே அவன் சந்திக்கும் ஒரு பெண், முழுதாக இருட்டாத இரவுகள். விடுதியில் எல்லாரும் உறங்கிய பின் கைவிளக்கு வெளிச்சத்தில் படித்து முடித்தேன். ஆண்டு முழுவதும் இரவு ஏழரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும் நாட்டில் பிறந்தவளுக்கு, இருட்டாத இரவை ஒருமுறையாவது கண்ணால் காண வேண்டும் என்ற ஆசை அன்றே தோன்றிவிட்டது. வேலை, திருமணம், வீட்டுக் கடன், பிள்ளைகள் என்று அந்த ஆசை நிறைவேற இருபது ஆண்டுகளாயின.

என் அக்காவும் நானும் ஒரு சுற்றுலாக் குழுவில் சேர்ந்து புறப்பட்டோம். குழுவில் மொத்தம் 14 பேர். இடையில் ஓரிடத்தில் வானூர்தி மாறி, மறுநாள் மாலை அந்நகரின் புல்கோவோ விமான நிலையத்தில் இறங்கினோம். தங்கும் விடுதியில் பெட்டிகளை வைத்துவிட்டு வெளியே வந்தபோது இரவு மணி 11. வானம் நம்மூர் மாலை ஏழு மணியைப் போல இளஞ்சிவப்பாக இருந்தது. பூங்காவில் முதியவர்கள் விளக்கின் உதவியின்றிச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தனர். "இந்த ஊர்ல சாமி விளக்கு எப்ப ஏத்துவாங்க?" என்று அக்கா கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

மறுநாள் எங்கள் வழிகாட்டியாக ஓர் இளம்பெண் வந்தார். நகரின் வரலாற்றை அவர் நல்ல ஆசிரியரைப் போலவே சொன்னார். 1703ஆம் ஆண்டு மே மாதம் மாமன்னர் பீட்டர், நேவா நதி பின்லாந்து வளைகுடாவில் கலக்கும் சதுப்பு நிலத்தில் இந்நகருக்கு அடிக்கல் நாட்டினார். நேவா நெடிய நதியன்று. லடோகா ஏரியில் தொடங்கி 74 கிலோமீட்டரில் கடலை அடைந்துவிடுகிறது. ஆனால் நீர்ப்பெருக்கோ மிகுதி. நீரை வடிக்கவும் படகுப் போக்குவரத்துக்காகவும் கால்வாய்கள் வெட்டப்பட்டன. சேற்றில் மரத்தூண்களை அடித்து இறக்கி அவற்றின் மேல் கட்டடங்களை எழுப்பினர். அங்கே கல் கிடைப்பது அரிது. எனவே நகருக்குள் வரும் ஒவ்வொரு வண்டியும் ஒவ்வொரு கப்பலும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் கற்களைக் கொண்டுவந்து தர வேண்டும் என ஆணை பிறந்தது. 1714ஆம் ஆண்டில் நாட்டின் பிற பகுதிகளில் கல் கட்டடம் கட்டவே தடை விதிக்கப்பட்டது. கட்டாய வேலைக்குக் கொண்டுவரப்பட்ட குடியானவர்கள் ஆயிரக்கணக்கில் குளிராலும் நோயாலும் மடிந்தனர். இத்தகைய நகரம் 1712 முதல் 1918 வரை, சில ஆண்டுகள் நீங்கலாக, ரஷ்யாவின் தலைநகராக விளங்கியது.

படகில் ஏறி மொய்க்கா, ஃபொன்தான்கா ஆறுகளின் வழியாகச் சென்றோம். சில பாலங்கள் மிகத் தாழ்வானவை. "தலை, தலை" என்று படகோட்டி குரல் கொடுக்கும்போதெல்லாம் அனைவரும் குனிந்துகொண்டோம். கரையின் இருபுறமும் மஞ்சள், இளநீலம், வெளிர்ப்பச்சை வண்ண மாளிகைகள் ஒரே உயரத்தில் வரிசையாக நின்றன. குளிர்கால அரண்மனையைவிட உயரமாக எவரும் வீடு கட்டக்கூடாது என 1844ஆம் ஆண்டில் இருந்தே கட்டுப்பாடு இருந்ததாம். அதனால்தான் தேவாலயக் கோபுரங்களும் கூம்புகளும் மட்டும் வானைத் தொடுகின்றன. கிரிபயேதோவ் கால்வாயின் ஓரத்தில் வெங்காய வடிவக் கும்மட்டங்களோடு நிற்கும் இரத்தம் சிந்திய இரட்சகர் ஆலயத்தைக் கண்டோம். 1881ஆம் ஆண்டில் இரண்டாம் அலெக்சாந்தர் மன்னர் வெடிகுண்டுத் தாக்குதலுக்கு ஆளான அதே இடத்தில் எழுப்பப்பட்டது. உள்ளே 7000 சதுர மீட்டருக்கும் மேலான பரப்பில் வண்ணக் கற்களாலான சித்திரங்கள். அக்கா தலையை நிமிர்த்தியபடியே அரைமணி நேரம் நின்றார். எனது குறிப்பேடு நிரம்பிக்கொண்டே வந்தது.

மூன்றாம் நாள் நெவ்ஸ்கி பெருஞ்சாலையில் நடந்தோம். 14ஆம் எண்ணுள்ள கட்டடத்தின் அருகே வழிகாட்டி நின்றார். சுவரில் நீல நிறத்தில் தீட்டிய ஒரு சதுரம், அதன்மேல் வெள்ளை எழுத்துகள், கீழே புதிய மலர்கள். பீரங்கித் தாக்குதல் நிகழும்போது சாலையின் இந்தப் பக்கம் மிகவும் ஆபத்தானது என்று குடிமக்களை எச்சரிக்கும் அறிவிப்பு அது. போர்க்காலத்தின் நினைவாக இன்றும் காத்து வருகின்றனர். "இது என்ன கட்டடம்?" என்று கேட்டேன். "பள்ளிக்கூடம்" என்றார்.

அந்தப் பதிலுக்குப் பின் நான் வேறு கண்களோடு அந்நகரைப் பார்க்கத் தொடங்கினேன்.

அப்போது இந்நகரின் பெயர் லெனின்கிராட். 1941 செப்டம்பர் 8ஆம் நாள் ஜெர்மானியப் படை நகருக்குச் செல்லும் கடைசித் தரைவழியையும் அடைத்தது. முற்றுகை 1944 ஜனவரி 27 வரை, ஏறத்தாழ 872 நாள்கள் நீடித்தது. 1941 நவம்பர் 20 முதல் டிசம்பர் 25 வரை குழந்தைகளுக்கும் வேலைக்குச் செல்லாதோருக்கும் ஒரு நாளைக்கு 125 கிராம் ரொட்டி. மாவோடு பிண்ணாக்கும் மரக்கூழும் கலந்து சுட்ட அந்த ரொட்டி உள்ளங்கையில் அடங்கிவிடும். மின்சாரம் இல்லை. குழாய்களில் நீர் உறைந்துவிட்டது. நாங்கள் படகில் சென்று களித்த அந்தக் கால்வாய்களிலும் நேவாவிலும் பனிக்கட்டியைத் துளையிட்டு, வாளியில் நீர் மொண்டு, சிறுவர் சறுக்கு வண்டியில் வைத்து இழுத்துச் சென்றனர். அதே சறுக்கு வண்டிகளில்தான் இறந்தவர்களையும் இழுத்துச் சென்றனர். வண்ணச் சித்திரங்களைக் கண்டு நாங்கள் வியந்த ஆலயம் அக்காலத்தில் பிணக்கிடங்காக இருந்ததாம். அந்தக் கொடுங்குளிரிலும் 39 பள்ளிகள் மூடப்படவில்லை. மை உறைந்துபோன வகுப்பறைகளில் ஆசிரியர்கள் பாடம் நடத்தினர்.

ஈசாக் பேராலயத்தின் தங்கக் கும்மட்டத்தைக் காணச் சென்றோம். எதிரி விமானங்களின் கண்ணுக்குப் புலப்படாதிருக்கப் போரின்போது அதன்மேல் சாம்பல் நிறம் பூசினராம். அதன் எதிரேயுள்ள சதுக்கத்தில் முட்டைக்கோசு பயிரிட்டனர். அச்சதுக்கத்தில்தான் அறிஞர் வவிலோவ் உருவாக்கிய பயிரியல் ஆய்வு நிலையம் இருக்கிறது. உலகின் பல பகுதிகளிலிருந்து திரட்டிய விதைகள் அங்கே இருந்தன. அவற்றைக் காத்துவந்த ஆய்வாளர்களுள் பலர் முற்றுகையின்போது பசியால் இறந்தனர். நெல் ஆய்வாளரான திமித்ரி இவனோவ் உயிர்விட்டபோது அவரைச் சுற்றி ஆயிரக்கணக்கான அரிசிப் பொட்டலங்கள் இருந்தன. ஒன்றையும் அவர் பிரிக்கவில்லை. இவற்றைத் திரட்டிய வவிலோவோ 1940ஆம் ஆண்டிலேயே தம் சொந்த அரசால் கைது செய்யப்பட்டு, 1943இல் சரத்தோவ் சிறையில் மாண்டார்.

"அரிசிய பக்கத்துல வெச்சிக்கிட்டா?" என்று அக்கா மெல்லக் கேட்டார். பிறகு நெடுநேரம் பேசவில்லை.

அன்று மதிய உணவின்போது வழிகாட்டி தம் பாட்டியைப் பற்றிச் சொன்னார். முற்றுகையின்போது அவருக்கு 7 வயது. உறைந்த லடோகா ஏரியின் மேல் சரக்குந்தில் ஏற்றி வெளியேற்றப்பட்ட பிள்ளைகளுள் அவரும் ஒருவர். இன்றும் சாப்பிட்டு முடித்ததும் மேசையில் சிதறிய ரொட்டித் துகள்களைக் கையால் கூட்டி எடுத்து வாயில் போட்டுக்கொள்வாராம். அக்காவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் பாட்டியும் அப்படித்தான். தட்டில் ஒரு பருக்கை மிஞ்சினாலும் விடமாட்டார். 1941 டிசம்பரில் ஜப்பானியர் கோத்தா பாருவில் கரையிறங்கியபோது அவர் தோட்டத்தில் வளர்ந்துகொண்டிருந்த சிறுமி. மூன்றரை ஆண்டுகள் மரவள்ளிக் கிழங்கைத் தின்றே உயிர் பிழைத்ததாகச் சொல்வார். 125 கிராம் ரொட்டிக்கு அங்கே சிறுவர்கள் வரிசையில் நின்ற அதே டிசம்பர் மாதம். எங்கள் கதையை அவரிடம் சொன்னேன். "அப்படியானால் நாளை மறுநாள் உங்களை ஓரிடத்திற்கு அழைத்துச் செல்கிறேன்" என்றார்.

அந்த ஐந்தாம் நாள் எங்களுக்கு ஓய்வு நாள். குழுவினர் கடைத்தெருவுக்குச் சென்றனர். நாங்கள் இருவரும் வழிகாட்டியோடு பிஸ்கர்யோவ்ஸ்கயே நினைவு இடுகாட்டிற்குச் சென்றோம். அங்கே பெரும்பாலோருக்குத் தனிக் கல்லறை இல்லை. புல் மூடிய நீண்ட மேடுகள் இருபுறமும் வரிசை வரிசையாகக் கிடக்கின்றன. ஒவ்வொன்றின் முன்னும் ஒரு கல். அதில் பெயர் இல்லை, ஆண்டு மட்டுமே. 1942. 1942. மீண்டும் 1942. ஏறத்தாழ 4,90,000 பேர் அங்கே உறங்குகின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் போர்வீரர்கள் அல்லர், சாதாரண மக்கள். சில கற்களின் மேல் யாரோ மிட்டாய்களும் ரொட்டித் துண்டுகளும் வைத்திருந்தனர். நம் மக்கள் படையல் வைப்பதைப் போல.

நுழைவாயில் மண்டபத்தில் ஒரு சிறிய காட்சிக்கூடம் உண்டு. அங்கே தான்யா சாவிச்செவா என்ற சிறுமியின் நாட்குறிப்பின் படியைக் கண்டேன். மூல ஏடு நகர வரலாற்று அருங்காட்சியகத்தின் உடைமை. தான்யா 1930ஆம் ஆண்டில் பிறந்தவள். பெரிய குடும்பத்தின் கடைக்குட்டி. அவளுடைய அக்காள் நீனாவின் சிறிய ஏடு அது. பாதியில் நீனா தன் தொழிற்சாலை வேலைக்கான குறிப்புகளை எழுதியிருந்தாள். மீதிப் பாதி, ஓரத்தில் அகரவரிசை எழுத்துகளோடு வெறுமையாக இருந்தது. அந்தப் பக்கங்களில்தான் தான்யா எழுதினாள்.

மொத்தம் ஒன்பதே பக்கங்கள். ஒவ்வொன்றிலும் சில சொற்கள். இன்னார் இறந்தார், இந்த நாள், இத்தனை மணி. அவ்வளவுதான். ரஷ்ய மொழியில் பாட்டியைப் 'பாபுஷ்கா' என்பர். ஆகவே பாட்டியின் இறப்பு பகர எழுத்தின் கீழ், 1942 ஜனவரி 25, பிற்பகல் 3 மணி. அம்மாவின் இறப்பு மகர எழுத்தின் கீழ், மே 13, காலை. அக்காள், அண்ணன், தந்தையின் உடன்பிறந்தார் இருவர் எனப் பிறரும் அவ்வாறே. இறுதி மூன்று பக்கங்களில், குடும்பத்தார் அனைவரும் இறந்துவிட்டனர் என்பதையும் தான் ஒருத்தியே எஞ்சியிருப்பதையும் குறித்திருந்தாள். அப்போது அவளுக்கு வயது 12. பின்னர் நகரிலிருந்து வெளியேற்றப்பட்டும் நோயிலிருந்து மீளாமல் 1944 ஜூலை 1ஆம் நாள் இறந்தாள். நீனாவும் மற்றோர் அண்ணனும் வேறிடங்களில் உயிரோடு இருந்ததை அவள் அறியவேயில்லை.

வழிகாட்டி ஒவ்வொரு பக்கமாக மொழிபெயர்த்துக்கொண்டு வந்தார். அண்ணனைப் பற்றிய பக்கத்தில், "இங்கே பிழையாக எழுதியிருக்கிறாள். இரண்டு சொற்கள் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன" என்றார். அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கோ கால்கள் தளர்ந்தன. அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார்.

வாசகர்களே, அதே ஆண்டு ஏப்ரல் மாதம் நடந்ததை இப்போது சொல்ல வேண்டும். அப்போது நான்காம் ஆண்டு வகுப்புக்குத் தமிழ்மொழி கற்பித்தேன். 34 மாணவர்கள். நாள்தோறும் ஐந்து வாக்கியங்களில் நாட்குறிப்பு எழுத வேண்டும் என்பது நான் வகுத்த விதி. ஒரு திங்கட்கிழமை இரவு ஏடுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். நேரம் நள்ளிரவைத் தாண்டியிருந்தது. ஒரு மாணவனின் ஏட்டில் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது.

'பாட்டி காலைல 5 மணிக்கு இரந்தாங்க.'

சிவப்பு மையால் 'காலைல' என்பதை அடித்துக் 'காலையில்' என்று எழுதினேன். 'இரந்தாங்க' என்பதை வட்டமிட்டு மேலே 'இறந்தார்' என்று எழுதினேன். இரத்தல் என்றால் பிச்சை கேட்டல், இறத்தல் என்றால் உயிர் நீத்தல் என வகுப்பில் பலமுறை சொல்லியிருந்தேனே என்ற சினம் வேறு. கீழே, 'ஐந்து வாக்கியங்கள் எழுதுக' என்று குறிப்பிட்டுக் கையொப்பமிட்டேன். அடுத்த ஏட்டை எடுத்தேன்.

மறுநாளிலிருந்து அவன் ஒழுங்காக ஐந்து வாக்கியங்கள் எழுதினான். காலையில் எழுந்தேன். பல் துலக்கினேன். பள்ளிக்கு வந்தேன். பாடம் படித்தேன். வீட்டிற்குச் சென்றேன். எல்லா நாளும் அவையே. எழுத்துப்பிழை ஒன்றுமில்லை. நான் மகிழ்ந்து 'நன்று' என்று எழுதினேன். இரண்டு வாரங்கள் கழித்து ஒரு படிவத்தில் பாதுகாவலரின் கையொப்பம் இல்லாததை விசாரித்தபோது சக ஆசிரியை சொன்னார்: "தெரியாதா? அவனை வளர்த்த பாட்டி போன மாதம் காலமாகிவிட்டார்." எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவன் முதன்முதலில் என்னிடம்தான் சொல்லியிருந்தான். நான் அதைப் படித்தேன், திருத்தினேன், மதிப்பிட்டேன். ஆனால் அதைச் சொன்னவனுக்குச் செவிசாய்க்கவில்லை. அதன் பின்னரும் எப்படிப் பேச்செடுப்பது என்று தெரியாமல், நாள்கள் கடந்துவிட்டன என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு விடுமுறைக்குப் புறப்பட்டு வந்துவிட்டேன்.

பீட்டர்ஸ்பர்க் வரை சென்றுதான் அந்தச் சிறுவனின் ஏட்டை நான் படித்தேன். தான்யாவின் ஏடு என் மேசைக்கு வந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? ஒட்டிய சொற்களைப் பிரித்திருப்பேன். 'இன்னும் விரிவாக எழுதுக' என்று குறித்திருப்பேன். அன்றிரவு குறிப்பேட்டைத் திறந்தபோது எழுத வேறொன்றும் தோன்றவில்லை. அவன் எழுதியதை அவன் எழுதியபடியே ஒருமுறை எழுதினேன்.

புறப்படுவதற்கு முன்னாள் நெவ்ஸ்கி பெருஞ்சாலையில், சிங்கர் மாளிகையில் உள்ள புத்தகக் கடைக்குச் சென்று கோடில்லாத சிறிய ஏடு ஒன்று வாங்கினேன். அட்டையில் ஒரு பாலத்தின் படம். பள்ளி திறந்த மறுநாள் ஓய்வு நேரத்தில் அந்த மாணவனை அழைத்துக் கொடுத்தேன். "உன் பாட்டியைப் பற்றி நீ அன்றைக்கு எழுதியிருந்தாய். நான் சரியாகப் படிக்கவில்லை. என்னை மன்னித்துக்கொள்" என்றேன். அவன் ஏட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு கேட்டான்:

"இதுலயும் அஞ்சு வாக்கியம் எழுதணுமா, டீச்சர்?"

"வேண்டாம்பா. எனக்குக் காட்டவும் வேண்டாம்."

அவன் தலையசைத்துவிட்டுச் சிற்றுண்டிச் சாலைப் பக்கம் ஓடிவிட்டான். அந்த ஏட்டில் என்ன எழுதினான், எழுதினானா இல்லையா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. இப்போது அவன் இடைநிலைப்பள்ளி மாணவன்.

நாட்குறிப்பு எழுதச் சொல்வதை நான் நிறுத்தவில்லை. வாக்கிய எண்ணிக்கையை நீக்கிவிட்டேன். நாட்குறிப்பில் சிவப்பு மை படுவதில்லை. கண்ணில் படும் பிழைகளைத் தனித்தாளில் குறித்துக்கொண்டு, யாருடையவை என்று சொல்லாமல் வெள்ளிக்கிழமைகளில் வகுப்பு முழுமைக்கும் விளக்குகிறேன். ரகரமும் றகரமும் முக்கியமல்ல என்று நான் சொல்லவில்லை. அவற்றைக் கற்பிப்பது என் கடமை. ஆனால் முதலில் படிக்க வேண்டும், பிறகுதான் திருத்த வேண்டும்.

2022ஆம் ஆண்டு பிப்ரவரியில் ரஷ்யா உக்ரேன் மீது படையெடுத்த செய்தியைக் கேட்ட அன்று எனக்கு அந்த நீலச் சதுரமும் பள்ளிச் சுவரும் நினைவுக்கு வந்தன. பசியையும் பீரங்கியையும் அத்தனை நாள்கள் தாங்கிய நகரைக் கொண்ட நாடு, வேறொரு நாட்டுக் குழந்தைகளை நிலவறைக்கு அனுப்பியதை எண்ணி வருந்தினேன். அங்கேயும் ஏதேனும் ஒரு குழந்தை ஓர் ஏட்டில் ஒரு வரி எழுதிக்கொண்டிருக்கும். அதிலும் எழுத்துப்பிழை இருக்கக்கூடும்.

ஆசிரிய நண்பர்களே, இன்றிரவு உங்கள் மேசையிலும் ஏடுகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் என்பதை அறிவேன். அவற்றுள் மிகக் குறைவாக எழுதப்பட்ட ஏட்டை மட்டும், பேனாவை எடுப்பதற்கு முன் இன்னொரு முறை படித்துப் பாருங்கள்.